அறுபத்தோரு படங்களும் ஒரு புகார் மனுவும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே அண்ணனோடு வாய்த்தகராறு. விஷயம் பழசுதான். பிறந்தநாள் விழாப் படங்கள் திருத்தி வந்திருந்தன, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"இதை நான் செஞ்சு தரமாட்டேனா? எதுக்குக் கடல் தாண்டி அனுப்புறே?"

செய்வான், இல்லையென்று சொல்லவில்லை. ஆல்பம் அச்சடிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கலர் பார்த்தவன். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வான். மாப்பிள்ளையின் மாமா மூக்குக்கு மட்டும் அரை நாள். வெளிநாட்டில் இருக்கிற கலர்காரருக்கு இன்று அனுப்பினால் நாளை முடித்துவிடுகிறார், அவர் கேட்கிற காசும் குறைவு. கலர்காரர் என்பது நான் வைத்த பேர். மூன்று வருடமாக எழுத்தில்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை.

அண்ணனுடைய கம்பெனியும் இதே கணக்கைப் போட்டுத்தான் அவனுடைய பிரிவையே அப்படியே வெளிநாட்டுக்குத் தூக்கிக் கொடுத்தது. இப்போது என் கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறான். அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அவன் வாயைத் திறந்ததும் பாவம் போய்விடுகிறது.

"உள்ள வர்றவன் ஒரு பக்கம் வேலையை எடுத்துக்கிறான். வெளிய போறது இன்னொரு பக்கம் போகுது. நடுவுல நான்."

உள்ளே வந்தவர் என்று அவன் சொன்னது லைட்டுத் தம்பியை. வேறு நாட்டுக்காரர். நாலு வருடமாக எனக்கு விளக்குப் பிடிக்கிறார். அவர் அப்போது அங்கேயே நின்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி சுற்றினார்.

எனக்கு வந்ததே கோபம். "நீ போட்டிருக்கிற சட்டை எங்க தச்சதுன்னு பாரேன்" என்றேன். காலரைத் திருப்பித் தேடினான். "டேக் கழுத்துல குத்துதுன்னு வெட்டிட்டேன்" என்றான். லைட்டுத் தம்பி சிரித்துவிட்டார். நானும்.

மார்ச் 7, சனி

கேமரா போய்விட்டது.

கை ஓடவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் ஒரு விளக்கு அணைந்துவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு ஒயரைப் பார்க்கக் குனிந்தேன். இரண்டு நிமிஷம், அதற்கு மேல் இருக்காது. நிமிர்ந்தால் பை இல்லை. கேமரா, இரண்டு லென்ஸ், சார்ஜர், எல்லாம் அதில்தான்.

படங்கள் தப்பித்தன. பைக்குள் சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கேமராவில் படம் எடுத்ததும் அதன் வழியாகக் கலர்காரருக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னபோது பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கேமரா? எட்டு வருடம் சேர்த்து வாங்கியதாயிற்றே. இப்போது நினைத்தாலும் அழுகை வருகிறது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். "யார் மேலயாவது சந்தேகமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

இல்லையா? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். லைட்டுத் தம்பி அந்த நேரம் ஸ்டாண்டுகளை வேனில் ஏற்றப் போயிருந்தார். எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் ஒரு நிமிஷம் — ஒரே நிமிஷம் — அவர் எங்கே போனார் என்று என் மனசு கேட்டது. நாலு வருடமாக என் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறது. சீ, என்ன புத்தி இது.

மார்ச் 9, திங்கள்

வாடகைக் கேமராவைக் கையில் எடுத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிய மாதிரி இருக்கிறது.

அண்ணன் இரண்டு காரியம் செய்வதாக ஒப்புக்கொண்டான். சிம் அவன் பேரில் இருப்பதால் போன் கம்பெனிக்குப் போய் அதை நிறுத்துவது. வாயை மூடிக்கொண்டிருப்பது.

மார்ச் 11, புதன்

லைட்டுத் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மத்தியானம் வரை உட்கார வைத்திருக்கிறார்கள். வந்தவர் பல்புகளைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"தம்பி, நான் உங்க பேரைச் சொல்லல."

"தெரியும்க்கா."

அவருடைய வேலை அனுமதிச் சீட்டு அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும்போது அவர் பேர் ஏதாவது புகாரில் இருந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், பதினைந்து நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும். மனைவி இங்கேதான் தையல் வேலை செய்கிறாள். மகள் இங்கே மூன்றாம் வகுப்பு, வகுப்பிலேயே அவள்தான் நன்றாகப் படிக்கிறாள். எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படியானால் பேரைக் கொடுத்தது யார்?

மார்ச் 12, வியாழன்

என் அண்ணன்தான். கேட்ட உடனே ஒப்புக்கொண்டான், அதுதான் வயிற்றெரிச்சல். நான் எழுதிக்கொடுத்த மறுநாளே தனியாகப் போய் ஒரு மனு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

"உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகவா? உன் வேலை போன ஆத்திரத்தை அந்த மனுஷன் தலையில கொட்டிட்டு எனக்காகன்னு சொல்றியா? வெக்கமா இல்ல உனக்கு?"

நான் அவனை இப்படிப் பேசியதே இல்லை. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் மனுவைத் திரும்ப வாங்கப் போனான். திருடன் அகப்படும்வரை அது கோப்பில் இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

லைட்டுத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

மார்ச் 14, சனி

சொல்லவில்லை. அண்ணனோடு பேச்சும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

காலையில் கலர்காரரிடமிருந்து கடிதம்: "மேடம், புது வேலை முடிந்தது. அறுபத்தோரு படங்கள். உங்கள் கைக்கு என்ன ஆயிற்று? பல படங்களில் குழந்தைகளின் தலை பாதிதான் இருக்கிறது. நான்கில் உங்கள் விரல் தெரிந்தது, எடுத்துவிட்டேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்."

புது வேலையா? நான் எதுவும் அனுப்பவில்லையே. திருட்டுப் போனதையே அவரிடம் சொல்லவில்லை, இனி வேலை வராதோ என்று பயந்துவிடுவார் என்று விட்டிருந்தேன். திறந்து பார்த்தால் ஒரே தொட்டிலில் இரட்டைக் குழந்தைகள். தூங்குகின்றன, கொட்டாவி விடுகின்றன, ஒன்று அழ இன்னொன்று வேடிக்கை பார்க்கிறது. ஒவ்வொரு படத்தின் தகவலிலும் என் கேமராவின் எண்.

 என் கேமராவில் யாரோ படம் எடுக்கிறார்கள். அந்தச் சின்னப் பெட்டி வேலை செய்கிறது. அப்படியென்றால் சிம் —

"நீ நிறுத்தலையா?" அண்ணனிடம் நாலு நாள் கழித்து நான் பேசிய முதல் வார்த்தை.

அவன் தலையைச் சொறிந்தான். "நாளைக்குப் போகலாம்னு இருந்தேன்."

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவனுடைய சோம்பேறித்தனத்தைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஜன்னல் இருக்கிறது, வெளியே ஒன்றுமே இல்லை. பால் மாதிரி வெறும் வெளிச்சம். வெறும் சுவர். ஒரு எழுத்து இல்லை, ஒரு வண்டி இல்லை. பின்னணியில் போர்டு, ஒயர், வண்டி எண் எதுவும் தெரியக்கூடாது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கலர்காரருக்கு எழுதி அனுப்பிய மகராசி நான்தான். அந்த மனுஷன் ஒன்றுவிடாமல் துடைத்து வைத்திருக்கிறார்.

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "துடைச்ச இடமே தெரியல. ஆள் யாருடா இவன்" என்றான். அவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மார்ச் 16, அதே நாள் மாலை

கலர்காரரை வீடியோவில் கூப்பிட்டோம். நான் இருபத்தைந்து வயசுப் பையனை நினைத்திருந்தேன். அண்ணன் வயசு. மூக்குக்கண்ணாடி, பாதி நரை. அவருக்குப் பின்னால் கட்டிலில் ஒரு சின்னப்பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "திருட்டுப் படத்துக்கா நான் கலர் போட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

"துடைக்காத படம் இருக்கா?" அண்ணன் கேட்டான்.

"ஒரிஜினலை நான் அழிக்கவே மாட்டேன் சார். அதுல கை வைக்கிறது பாவம்."

"நானும் அப்படித்தான்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரிஜினல் வந்து சேரும்வரை இருவரும் தோல் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஊர் மண்டபங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த மண்டபத்தில் எந்தச் சுவர் படத்தில் பச்சையடிக்கும் என்பது வரை சொன்னார்.

"ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றான் அண்ணன்.

"ரெண்டு தடவை விசா கேட்டேன் சார். ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டாங்க. என் வேலை வரும், நான் வரக்கூடாது."

அண்ணன் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தான். பிறகு, "இங்க எங்களுக்குக் கொடுத்த சம்பளத்தையே உங்களுக்கும் கொடுத்திருந்தா, வேலை இங்கேயே இருந்திருக்கும். உங்களுக்குக் குறைச்சுக் கொடுத்ததாலதான் என்னைத் தூக்கினாங்க" என்றான்.

"எங்களைவிடக் குறைச்சலா வாங்கறவங்க இன்னொரு நாட்டுல வந்துட்டாங்க சார். அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னவோ."

அப்போதுதான் என் அண்ணன், என் சொந்த அண்ணன், என் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்: "எங்க தங்கச்சி உங்களுக்கு ரொம்பக் கம்மியா கொடுக்கறா. ஏத்திக் கேளுங்க. நான் சொல்றேன், கேளுங்க."

கலர்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? சரி என்றேன். எப்போதோ ஏற்றியிருக்க வேண்டியதுதான் என்று மனசுக்குள் பட்டது.

ஒரிஜினல் வந்தது. ஆறாவது படத்திலேயே ஜன்னல் வழியாக டயர் கடை போர்டு, போன் நம்பரோடு பளிச்சென்று தெரிந்தது.

மார்ச் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது. என் கண்ணே, கிடைத்துவிட்டது.

போலீஸ்காரர் ஒருவரோடு போனோம். குழந்தைகளின் அப்பா அந்த டயர் கடைக்காரர்தான், கடைக்கு எதிரிலேயே வீடு. பழைய சாமான் கடையில் ரசீதோடு வாங்கியிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, கேமராவை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தப் பெட்டி எதுக்குன்னு தெரியல. லைட் எரிஞ்சுது, அதனால தினமும் சார்ஜ் போட்டேன்."

அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. போனில் கலர்காரர் திருத்திய அறுபத்தொன்றையும் காட்டினேன். மனுஷன் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா, நான் எடுத்தது, நான் எடுத்தது" என்று படத்துக்குப் படம் சொன்னார். விரலும் பாதித் தலையும் அவருக்கு ஞாபகமே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, என் கேமராவில் நானும் நாற்பது எடுத்துக் கொடுத்தேன். பழைய சாமான் கடைக்காரர் டயர் கடைக்காரரின் பணத்தை இன்றே திருப்பிவிட்டார்.

விற்றவனையும் பிடித்துவிட்டார்கள். மண்டபத்துக்கு வாடகை நாற்காலி ஏற்றி வந்த லாரியின் ஓட்டுநர். பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர், எங்கள் பக்கத்துத் தெரு. அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.  எனக்கிருந்த சந்தோஷத்தில் அவனை விட்டுவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கலர்காரர் அறுபத்தோரு படத்துக்கும் பில் அனுப்பியிருக்கிறார், புது ரேட்டில். "வேலை வேலைதானே, கொடு" என்றான் அண்ணன். கொடுத்தேன்.

மார்ச் 28, சனி

இன்று இரண்டு நிகழ்ச்சி. லைட்டுத் தம்பி பாட்டுப் பாடிக்கொண்டே ஸ்டாண்டை நிறுத்துகிறார். மனுவை ரத்து செய்துவிட்டார்கள் என்று அண்ணன் கடிதத்தோடு வந்தான். ஆனால் அந்த மனுவை எழுதியது தான்தான் என்று லைட்டுத் தம்பியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் அவர் தட்டில் கூடக் கொஞ்சம் போடுகிறான்.

ஏப்ரல் 16, வியாழன்

அனுமதிச் சீட்டு அலுவலகம். லைட்டுத் தம்பிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும், முதலாளி கையெழுத்து செல்லாது. நான் யாரையும் கேட்குமுன் அண்ணன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

மூன்று மணி நேரம் வரிசை. நான் பின் பெஞ்சில். முன்னால் அவர்கள் இருவரும். அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். உங்க பேரை ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தது நான்தான்."

"தெரியும்ண்ணே."

"எப்படி?"

"அந்தப் பேப்பரைக் காட்டித்தான் கேட்டாங்க. தினமும் போட்டோ கவர்ல உங்க கையெழுத்தைப் பார்க்கிறேனே."

அண்ணன் அவர் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுமா இத்தனை நாள் என்கூட உக்கார்ந்து சாப்பிட்டீங்க? ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா நீங்க வெக்கப்பட்டு என்னைவிட்டு விலகியிருப்பீங்க. சாட்சிக் கையெழுத்துக்கு இந்த ஊர்ல எனக்கு வேற யாருண்ணே இருக்கா?"

நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன். அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா நிமிராமல் கேட்டார்: "இவரை எத்தனை வருஷமா தெரியும்?"

"நாலு வருஷமா பார்க்கிறேன்மா. ஒரு மாசமாத்தான் தெரியும்."

"நம்பர் ஒண்ணு சொல்லுங்க சார். இங்க ஒரு கட்டம்தான் இருக்கு."

அண்ணன் லைட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். அவர் நாலு விரலைக் காட்டினார். நாலு என்று எழுதிக்கொண்டு அந்த அம்மா முத்திரை குத்தினார். இரண்டு வருடத்துக்கு.