கப்பலப்பா மூழ்காத கதை

2025 ஜூலை 8, செவ்வாய்

பாரை மீன் ஒரு கிலோ, தேங்காய் இரண்டு. காஸ் மாற்றினேன். வீட்டுக் கணக்கை எழுதி மூடிவிட்டு இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் செலவழிக்கும் நேரத்தை எந்தக் கணக்கில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்றும் அஸர் தொழுத கையோடு லப்டொப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் குந்திவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிசன். இப்போதைய உத்தியோகம், தன் வாப்பாவின் வாப்பாவைத் தேடுவது. குடும்பத்தில் அவரைக் கப்பலப்பா என்பார்கள். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே டயரீ என்று ஒரு தீவாம். அங்கிருந்து கப்டனாக வந்து, கப்பல் உடைந்து, நீந்தித் திருகோணமலையில் கரையேறி, கலிமா சொல்லி, அப்துல் கரீம் ஆகி, ஜமாலியாவில் கலியாணம் முடித்தாராம். கப்டன் தொப்பிகூட இருந்ததென்று இவருடைய கூடப்பிறந்த ராத்தா சப்ரினா மதினி சத்தியம் பண்ணுவா. கப்பல் உடைந்து நீந்தி வந்தவர் தொப்பியை மட்டும் விடவில்லை போலும்!

முகநூலில் ‘தீவுக் குடும்பங்களின் வேர் தேடுவோர்’ என்று ஒரு குழு. எல்லாம் வெள்ளைக்காரக் கிழடுகள். ஒருவர் மற்றவரின் செத்துப் போனவர்களைத் தேடிக் கொடுத்து இருதயப் படம் போட்டுக் கொள்கிறார்கள். வீட்டில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்களோ தெரியாது.

இவருக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. எனக்கு எழுத வரும், பேச வராது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை வைத்துத் தானே படித்த ஆங்கிலம் அப்படித்தான். ஆகவே கப்பலப்பாவின் கிளார்க் நான்.

ஜூலை 11, வெள்ளி

மகள் ஷிஃபானாவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மதினி கொழும்பிலிருந்து கொண்டுவந்த பேச்சு. மாப்பிள்ளை முனாஸ், இஞ்சினியர், ஏழு வருடமாகக் கட்டாரில். இன்று மதினியோடு வந்தது தாய். குந்துவதற்கு முன் கதிரையை விரலால் தடவிப் பார்த்தா. என் வீட்டுக் கதிரையை!

“கப்டன்ட பரம்பரை எண்டு சப்ரினா சொன்னாவே. பிள்ளையிட நிறத்துலயே விளங்குது” என்றா.

என் மகள் என்னுடைய நிறம். என் வாப்பா கிண்ணியாவில் வயல் செய்தவர். சொல்ல வாய் எடுத்தேன், இவர் கண்ணைக் காட்டினார். வட்டிலப்பத்தைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா.

போகும்போது, “ஸ்கொட்லாந்துப் பேப்பர் ஏதும் வந்தா, வலீமா விருந்து ஹோல் வாசல்ல பெருசா அடிச்சி வெக்கலாம்” என்றா. மதினி அங்கேயே அவவையும் அந்த முகநூல் குழுவில் சேர்த்துவிட்டா.

ஷிஃபானா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “உம்மா, அவங்க பாக்க வந்தது என்னையவா, கப்பலப்பாவையா?”

ஜூலை 19, சனி

டயரீயிலேயே இருக்கும் ஒருத்தி அகப்பட்டிருக்கிறா. கிறிஸ்ஸி என்று பெயர், செம்மறி வளர்க்கிறவ. ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் மூன்று கேள்வி வரும். வீட்டில் வழங்கிய பெயர்கள் ஏதும் உண்டா என்று கேட்டா. அவர்களின் வழக்கத்தில் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பார்களாம்.

இவருடைய வாப்பாவுக்கு எழுத்தில் ஹனீபா. ஆனால் ஜமாலியா முழுக்க எக்டர் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது. எழுதினேன். மறுமொழி முழுக்க ஆச்சரியக் குறிகள். கிறிஸ்ஸியின் தகப்பனுடைய பாட்டன் நீல் மக்லீன். அந்த நீலின் தகப்பன் ஹெக்டர்.

ஆனால் அந்த நீல்தான் எங்கள் கப்பலப்பா என்றால், அவர் கப்டன் இல்லை. கப்பலின் அடித்தட்டில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர்.

வாசித்துச் சொன்னபோது இவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “கப்டனுக்கு முதல் எல்லாரும் அதுலதான் துவங்கிற” என்றார். கிரேன் ஓட்டினவர்களெல்லாம் துறைமுக அமைச்சராகத்தான் முடித்தார்கள் போலும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதினி மகனைப் பார்க்க லண்டன் போன சமயம் எச்சிலைக் குப்பியில் துப்பி டீஎன்ஏ சோதனைக்குக் கொடுத்தவ. கிறிஸ்ஸியின் தகப்பனும் கொடுத்திருக்கிறார், எண்பத்தெட்டு வயது. இரண்டு எச்சிலும் பொருந்திவிட்டன. அந்தக் கிழவரும் இவரும் ஒரே ஆளின் பேரன்மார்.

இவர் துள்ளாத குறை. நான் மிச்சத்தையும் வாசித்தேன். நீல் மக்லீனுக்கு டயரீயில் மனைவி இருந்திருக்கிறா, ஒரு மகனும். 1911இல் அவருடைய கப்பல் போன இடம் தெரியாமல் மூழ்கியது. கடலில் போனவர்களுக்கு நட்ட ஊர்க் கல்லில் அவர் பெயரும் வெட்டியிருக்கிறதாம்.

கிறிஸ்ஸி பாவம், நல்ல மாதிரி யோசிக்கிறா. “ஏதோ ஒரு பயணத்தில் உங்கள் துறைமுகத்தில் ஒரு பிள்ளை பிறந்திருக்கும், பிறகு கப்பலோடு போய்விட்டார், அப்படித்தானே? அப்பா விடாமல் கேட்கிறார். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.”

எங்களுக்குத் தெரிந்தது என்ன? கப்பலப்பா 1934இல் நோன்பு மாதத்தில் தன் கட்டிலில் படுத்து மௌத்தானார். மையவாடியில் அவரைப் புதைத்த கபுரைக் காட்டலாம். ஐந்து பிள்ளைகள், எக்டர் காக்கா மூன்றாவது, மூத்த ஆண். கப்பலப்பா உள்துறைமுகத்தில் தோணி திருத்தும் கொட்டில் வைத்திருந்தவர்.

அந்தக் கப்பலில் திரும்ப ஏறவேயில்லை. அது மூழ்கினது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிய வந்திருக்கும், அவருக்குத் தெரியாதா? வசதியாப் போச்சி. செத்தவனாகவே இருந்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சண்டை.

“எழுது” என்றார். “ஒரு பயணம் வந்தார், கலியாணம் முடிச்சார், திரும்பக் கப்பல் ஏறினார், பிறகு தகவல் இல்ல. அவ்வளவுதான்.”

“மையவாடியில கிடக்கிற ஆர்? அவர்ட நிழலா?”

“அவங்கட மனசு நோகும் புள்ள.”

“அவங்கட மனசா, மாப்பிள்ளட உம்மாட மனசா?”

பிறகு ஓதிப்படித்தவர் போல ஆரம்பித்தார். “மார்க்கத்துல நாலு முடிக்கலாந்தானே.”

“நாலுக்கும் சோறு போட்டவனுக்குத்தான் அந்தக் கதை. செத்த மாதிரி ஒளிச்சிருந்தவனுக்கு இல்ல.”

“அவர் இஸ்லாத்துக்கு வந்தவர். வந்தா முந்தினதெல்லாம் மன்னிப்பு.”

“அல்லாஹ்ட ஹக்கு மன்னிப்பு. பொஞ்சாதிட ஹக்க, அவட உரிமைய, ஆர் மன்னிக்கிற? நீங்களா?”

லப்டொப்பை மூடிவிட்டுப் போய்விட்டார். பதில் தீரும்போது மூடுவதற்கு ஒரு மூடியாவது இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சு இல்லை. சோறு மட்டும் சரியான நேரத்துக்கு உள்ளே போகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மஃரிப் தொழுகைக்குப் பிறகு யாசீன் ஓதினேன். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து வியாழன் தோறும் ஓதி, இந்த வீட்டின் மௌத்தானவர்கள் எல்லோருக்கும் பேர் சொல்லித் துஆ கேட்கிறேன். இன்று கப்பலப்பாவின் பேர் வந்தது. விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனேன்.

பிறகு யோசித்தேன். தீர்ப்பு நாளின் அதிபதி நானா? இல்லை. அவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான். ஆனால் சாட்சியை மறைக்கிறவரின் இருதயம் பாவம் செய்தது என்றும் அவன்தானே சொல்கிறான். இந்த வீட்டில் சாட்சியை எழுதுகிற கை யாருடையது? என்னுடையது. இவருக்கென்ன, எழுதத் தெரியாது. பாவத்துக்கும் கிளார்க் வைத்திருக்கிறார்.

மறுபக்கம் ஷிஃபானா. வயது இருபத்தேழு. இந்தப் பேச்சும் முறிந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. கப்டனுக்காக வருகிறவர்கள் ஓடுகாலிக்காகப் போவார்கள். போவார்களென்று தெரிந்துகொண்டு எழுதுவதா?

மகளிடமே கேட்டேன். “என்ட கலியாணத்துக்காக எண்டு ஒரு பொய்ய எழுதாதீங்க உம்மா. பிறகு நான்தான் அதுக்குள்ள குடியிரிக்கணும்” என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

எழுதிவிட்டேன். குழுவில் அல்ல, கிறிஸ்ஸிக்குத் தனியாக. இவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே எழுதினேன். ஒளித்துச் செய்ய நான் என்ன கப்பலப்பாவா? ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிச் சொல்லித் தட்டினேன். கலியாணம், ஐந்து பிள்ளைகள், மௌத்தான வருடம், கபுரின் படம்.

“மனிசன உசிரோட புதைக்கிறாய்” என்றார்.

“உசிரோட இருந்தார் எண்டுதான் எழுதிறன்.”

ஆகஸ்ட் 21, வியாழன்

மறுமொழி வந்தது. இந்தத் தடவை இருதயப் படம் ஒன்றும் இல்லை.

தகப்பனுக்கு வாசித்துக் காட்டினாவாம். கிழவர் கன நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னாராம்: “பாட்டி சாகும்வரை கறுப்புத்தான் உடுத்தினா. ஊர்க் கடைக்காரர் இரண்டு தரம் கலியாணம் கேட்டு வந்தவர். இரண்டு தரமும், கடலில் கிடக்கிறவருக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று அனுப்பிவிட்டா. நல்ல மனிசன், அந்தக் கடைக்காரர்.”

அப்புறம் கேட்டாராம்: “அந்தப் பிள்ளைகளையாவது ஒழுங்காகப் பார்த்தானா?”

பார்த்தார் என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். அது வெட்கத்தை இன்னும் கூட்டுகிறது. பார்க்கத் தெரியாதவர் இல்லையே.

இதைக் குழுவில் போடலாமா என்று கிறிஸ்ஸி அனுமதி கேட்கிறா. ஊர்க் கல்லில் பிழையாக ஒரு பெயர் கிடக்கிறது, மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். போடுங்கள் என்றேன். எழுதி அனுப்பிவிட்டுக் குசினிக்குப் போனேன். கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன். எனக்கா பயம்? சும்மா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதினியின் தொலைபேசி. காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கேட்டது.

“என்ன வேல பாத்து வெச்சிரிக்காய் ஸல்ஹா! கப்டனக் கரி அள்ளுறவனாக்கினது காணாதெண்டு ஓடுகாலியும் ஆக்கிப் போட்டாய்!”

“நான் ஆக்கல்ல மதினி. அவர் ஆகி, மௌத்தாகி, தொண்ணூறு வருஷம்.”

“மாப்பிள்ளட உம்மா குழுவில எல்லாத்தையும் வாசிச்சிட்டா. யோசிக்கணுமாம்.”

யோசிக்கட்டும். அந்தத் தலைக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கட்டும்.

ஆகஸ்ட் 30, சனி

யோசித்து முடித்து எங்களை மன்னித்துவிட்டார்களாம்! முனாஸுக்கு அக்டோபரில் மூன்று கிழமைதான் லீவு, அதற்குள் நிகாஹ் முடிக்க வேண்டுமாம். வாசலில் பேப்பர் அடித்து வைக்கிற கதை மட்டும் இல்லை. கரி படிந்துவிடும் என்று பயம் போல.

கையோடு பள்ளிவாசல் கடிதத்தையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. மாப்பிள்ளையின் ஊர்ப் பள்ளி நிர்வாகம், இவர் நல்லொழுக்கம் உள்ளவர், இதற்கு முன் கலியாணம் முடிக்காதவர் என்று எழுதிக் கொடுக்கும். பெண் வீடு அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும். முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரி.

ஆனால் இது கொழும்புப் பள்ளி. ஏழு வருடமாகக் கட்டாரில் இருக்கிறவரைப் பற்றிக் கொழும்புப் பள்ளிக்கு என்ன தெரியும்? பெருநாளைக்கு வந்தால் முன் வரிசையில் நின்றார் என்று தெரியும்.

கப்பலப்பாவுக்குப் பெண் கொடுத்தவர்களும் இதைத்தானே செய்தார்கள். கலிமாவைக் கேட்டார்கள், சுன்னத்தைக் கேட்டார்கள். கடலுக்கு அங்கால ஆர் இருக்கிற எண்டு ஒரு வாய் கேக்கல்ல.

மதினிக்கு எடுத்துச் சொன்னேன். கட்டாரில் அவர் தொழுகிற பள்ளியில், இல்லையென்றால் அங்குள்ள நம்மூர்ச் சங்கத்தில், ஒரு கடிதம் வேண்டும். அது வந்த பிறகு நாள் குறிப்போம்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாப்பிள்ளையின் தாய் நேரடியாகத் தொலைபேசி எடுத்தா. “ஓடினது உங்கட ஆள். சந்தேகம் எங்கட புள்ளையிலயா?”

“ஓம். ஓடின ஆள் எங்கட வீட்டில இருந்ததாலதான் கேக்கத் தெரியுது.”

இவர் கேட்டுக்கொண்டு நின்றார். வழக்கம்போல்.

செப்டம்பர் 6, சனி

கடிதம் இல்லை. முனாஸ் ‘பிஸி’யாம். ஒரு வரிக் கடிதத்துக்கு!

இன்று இவர் லப்டொப்பைத் திறக்கவில்லை. பின்னேரம் மையவாடிப் பக்கம் போய்விட்டு வந்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதினி எடுத்தா. இவருடைய கைபேசிக்கு. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் பக்கம் மட்டும் கேட்டது.

“ஓம் ராத்தா… ஓம்… கரி அள்ளினவர்தான். என்ன செய்ய… இல்ல, நாள் குறிக்க ஏலா. கட்டார்க் கடிதம் வரட்டும்… வராட்டி இந்தப் பேச்சு வேணாம்… ஸல்ஹா சொல்லித் தரல்ல. நான்தான் சொல்றன். என்ட மகள்.”

துருவுபலகையில் கை நின்றுவிட்டது.

மதினி அங்கே என்ன கத்தினாவோ, இவர் “வெக்கிறன்” என்று வைத்துவிட்டார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். சோற்றுக் கோப்பையைத் தானே கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“புள்ள, அந்த மனிசிட பேர் என்ன?”

“ஆர்ட?”

“டயரீயில இருந்தவ.”

இவ்வளவு நாளும் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

“மேரி” என்றேன்.

“மேரி” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார்.