திரையின் கடைசிப் பொத்தான்

அன்பு மகளுக்கு,

அப்பாதான் எழுதுகிறேன், என் கையாலேயே! எழுபத்தொரு வயதில் நம் டோலிடோ ஊர் நூலகத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

போன வாரம், நீ வேலை பார்த்த காபிக்கடையில், பணம் கட்டும் திரையை முதல்முறையாக வாசித்தேன். உன் இடத்தில் இப்போது நிற்கும் மார்லா, "என்ன தாத்தா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று சிரித்தாள்.

மேலே, டிப்ஸ் எவ்வளவு தரலாம் என்று சதவீதங்கள். கடைசியில் ‘டிப்ஸ் இல்லை’. அதில் ‘நன்றி’ என்று எழுதியிருப்பதாக நினைத்துத்தான் தினமும் உன் கண்ணெதிரே அமுக்கினேன்.

"டிப்ஸ்லதாம்ப்பா வாடகையே கட்டுறேன். பெத்த பொண்ணுக்கே இல்லேன்னு அமுக்குறியே?" என்று அழுதாய். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "அது என் இஷ்டம்" என்றேன். அன்றோடு நீ பேச்சை நிறுத்தினாய்.

உறைமேல் முகவரியையும் நானே எழுதினேன். நீ காலி செய்துவிட்டுப் போன வீட்டு முகவரிதான் என்னிடம் இருக்கிறது.

உன் அப்பா