காருக்குப் பின்னால் வைத்த கண்

வால்யேவோ,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் ஓக்னியெனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர் வந்ததும் முழங்கால் வலி மட்டும் கூடவே வந்துவிட்டது. கனடாவில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், கோபத்தில் எழுதுவதால் அந்த வேண்டுதல் குறைந்துவிடாது. பிளம் பழம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, சாராயம் காய்ச்சி முடித்தாயிற்று, சிவப்பு மிளகாயைச் சுட்டு அரைத்து ஜாடிகளில் அடைத்தாயிற்று. உனக்கென்று சில ஜாடிகள் ஒதுக்கினேன், அனுப்புவதா வேண்டாமா என்று இப்போது யோசிக்கிறேன்.

மலைப்பாதைப் பனிக்கு உசரமான வண்டிதான் சரி என்று நீ வாங்கிக் கொடுத்த எஸ்யூவியில் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். வசந்த காலத்தில் பக்கத்து வீட்டு விறகு அடுக்கை இடித்துச் சாய்த்தேன். அதற்குத்தான் நீ, "அம்மா, பின்னாடி ஒரு கேமரா மாட்டிடலாம், எல்லாம் கண்ணு முன்னாடியே தெரியும்" என்றாய். மெக்கானிக் விளாஸ்திமிர் மாட்டிக் கொடுத்தான். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற உள்கண்ணாடியிலேயே படம் வந்தது. என் மகன் எவ்வளவு தூரத்தில் இருந்தும் என்னை நினைக்கிறான் என்று ரொட்டிக் கடையில் எல்லாரிடமும் பெருமை அடித்தேன். இப்போது அந்தக் கடைக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் உன் அத்தை ஸகோர்கா வந்தாள். வைத்த காப்பியைத் தொடவில்லை. "அண்ணி, கல்லறைத் தோட்டத்து வாசல்ல யாரோ ஒரு ஆளோட சாராயம் ஊத்திக் குடிச்சீங்களாமே, தோள்ல கை வேற போட்டீங்களாம். அண்ணன் போய் ரெண்டு வருஷம்கூட ஆகல" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க பையன்தான். அவன் போன்ல எல்லாம் தெரியுதாம். கார் சாவிய வாங்கி வச்சுக்கச் சொன்னான்" என்றாள். நேராக விளாஸ்திமிரிடம் போனேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே, "உங்க பையன்தான் சிம் கார்டு போட்டு மாட்டச் சொன்னான்க்கா, வண்டி நின்னாலும் படம் அவனுக்குப் போகும், உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னான்" என்றான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிந்தது.

நீ பார்த்தது என்ன நாள் என்று காலண்டரையாவது புரட்டினாயா? இறந்தவர்களுக்கான சனிக்கிழமை அது. அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவித்த கோதுமையும் சாராயமும் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் மறுக்கக் கூடாது, முதல் சொட்டைத் தரையில் விட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். சின்ன வயதில் உன் கையால்தான் நான் கொடுக்க வைப்பேன். வாசலில் வண்டிக்குப் பின்னால் என்னோடு நின்ற அந்த ஆள் திஹோமிர், பஸ் ஓட்டியவர், அவர் மனைவியை அப்பாவுக்கு அடுத்த வரிசையில் ஆகஸ்டில்தான் புதைத்தார்கள். "புதிமிர் ஆத்மாவுக்கு" என்று அப்பா பேரைச் சொல்லிக் குடித்தார், அழுதார், தோளைத் தொட்டேன். தொடாமல் கல்லாக நிற்கச் சொல்கிறாயா? கேமரா மாட்டிய டிக்கிக் கதவைத் தூக்கி வைத்திருந்தால் உன் கேமராவுக்கு வானம்தான் தெரிந்திருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். அங்கே போன பத்து வருஷத்தில் இதையெல்லாம் மறந்துவிட்டாய் என்றால் மன்னிப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தையிடம் போனாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கேமராவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பின்சீட்டுத் தலைசாய்ப்புகளைப் பிடுங்கிப் பரணில் போட்டேன், டிக்கியில் கூரை வரை ஏற்றி வைத்திருந்த கம்பளி மூட்டையை இறக்கினேன், பின்கண்ணாடி முழுசாகத் தெரிகிறது. பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கம் நன்றாகத் திருப்பி, ஓரத்தில் குட்டி உருண்டைக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ரிவர்ஸிலேயே உள்ளே விடுகிறேன், காலையில் முகம் தெருவைப் பார்க்கக் கிளம்பலாம். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். நீயும் உன் பெரிய வண்டியில் இப்படியே செய், உங்கள் ஊர்ப் பனியில் கேமரா மேல் சேறு படிந்தால் ஒன்றும் தெரியாது, துணியால் துடைத்துக்கொள்.

இன்னும் ஒன்று அத்தை சொன்னாள். ஏண்டா அம்மாவுக்குப் போன் பண்ணுவதில்லை என்று அவள் கேட்டதற்கு, "தினமும்தான் பாக்கறேனே அத்தை, தனியாப் பேச என்ன இருக்கு" என்றாயாம். ஞாயிறு ஞாயிறாக நான் போனை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வேலை அதிகம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுள் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் நினைத்துப் பார் மகனே, அந்தக் கேமரா பின்பக்கம் பார்க்கிறது, நான் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு நாள் தவிர, இத்தனை நாளும் நீ பார்த்தது நான் தாண்டி வந்த ரோட்டைத்தான், என்னை இல்லை.

போன் பண்ணு, திட்டுவதற்காவது எடுப்பேன்.

உன் அம்மா,
தேசாங்கா