‘பத்திரம்’ என்று சொல்ல ஓர் அனுமதி

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் சுகம். அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உங்கம்மா விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்வது தினமும் என் காதில் விழுகிறது. போனிலேயே பேசலாம்தான், ஆனால் நான் ஒன்றை ஆரம்பித்துப் பாதி வருவதற்குள் அவள் போனை வாங்கிவிடுகிறாள், அதுவும் இது எனக்கே பாதிதான் புரிந்த விஷயம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி கண்ணு.

நம் லாரி ஆபீஸிலிருந்து டிரைவர்கள் வீட்டுக்கு மெசேஜ் போவது உனக்குத் தெரியும். வண்டி லோடு இறக்கும் ஊருக்குப் போனதும், இன்னார் ஓட்டிய வண்டி இன்ன ஊர் போய்ச் சேர்ந்தது என்று வீட்டுப் பெண்களுக்குத் தகவல் போய்விடும். பாதி வீட்டில் பட்டன் போன் என்பதால் வாட்ஸ்அப் சரிப்படவில்லை. நீ கல்யாணமாகிப் போன காலத்தில் மனதில் தோன்றியதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம், இப்போது அப்படி முடியாதாம். தொழில் செய்கிறவன் மொத்தமாக மெசேஜ் அனுப்ப வேண்டுமானால் முதலில் செல்போன் கம்பெனியின் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அனுப்புகிறவர் பேர் என்று ஆறு எழுத்து வாங்க வேண்டும், அதற்கும் மேலே என்ன வாசகம் அனுப்பப் போகிறோம் என்பதையே முன்னால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். டிரைவர் பேரும் ஊர்ப் பேரும் வருகிற இடத்தைக் காலியாக விடலாம், மற்றபடி ஒரு சொல் மாறினாலும் அது போகாது. ஏமாற்று மெசேஜைத் தடுக்கத்தான் இந்த விதி என்கிறார்கள், நல்ல காரியம்தான், எத்தனை பேர் அதில் பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள். ஆனால் நான் யாரை ஏமாற்றினேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிற அறிவுச்செல்வி எல்லாம் பதிந்து அனுமதியும் வாங்கிவிட்டாள், அதோடு முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

போன மாதம் மகாராஷ்டிரா பக்கம் காலந்தப்பி மழை கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். நம் வண்டிகள் சில அந்த வழியில்தான் போயிருந்தன, எவனுக்கும் லைன் கிடைக்கவில்லை. டிவியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடப்பதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நம் டிரைவர் அன்பு ஒரு தாபாவிலிருந்து யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டு, நம்ம வண்டி எல்லாம் சரிவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, ஆளுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். உடனே அறிவுச்செல்வியிடம், வண்டிகள் வழியில் நிற்கின்றன, எல்லாரும் பத்திரம், கவலைப்பட வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் அனுப்பச் சொன்னேன், அந்தப் பதற்றத்தில் வாசக அனுமதி எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. அனுப்பினாள். திரையில் அனுப்பியாயிற்று என்று வந்ததை நானே கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸைத் திறக்கப் போனால் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேச்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள், நிறைமாதம். நம் டிரைவர் மாரியப்பன் சம்சாரம் இனியா. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, ஒன்றுமில்லை சாமி, மாரியப்பன் பத்திரமாக இருக்கிறான் என்றேன். அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்தாள். “பத்திரமா இருந்தா ஏனுங்க மெசேஜ் வரல?” என்றாள். வந்திருக்குமே, அனுப்பினோமே என்றேன். போனை நீட்டினாள், அதில் ஒன்றுமில்லை. போன தடவை சேர்ந்ததற்கு வந்த மெசேஜ்தான் கடைசி. “சேர்ந்தா வரும், சேரலீன்னா வராதுங்க. ராத்திரியெல்லாம் போனக் கையிலயே வெச்சிருந்தனுங்க” என்றாள். நான் எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை, வயிற்றுப்பிள்ளைக்காரி என்று நான் மறைக்கிறேன் என்றே நினைத்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அறிவுச்செல்வி, நமக்கு மெசேஜ் அனுப்பித் தருகிற கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அனுப்பியாயிற்று என்றால் இங்கிருந்து கிளம்பியது என்றுதான் அர்த்தமாம், அனுமதி வாங்கிய வாசகத்தோடு பொருந்தாததால் வழியிலேயே நிறுத்திவிட்டார்களாம், ஒரு வீட்டுக்கும் போகவில்லையாம். அப்படியானால் எங்களிடம் சொல்ல வேண்டாமா என்றதற்கு ரிப்போர்ட்டில் பார்த்திருக்க வேண்டும் என்றார்களாம். நான் அன்பு கூப்பிட்ட நம்பரையே திரும்பத் திரும்ப அடித்தேன், ஒருவழியாக எடுத்தார்கள், மாரியப்பனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். இனியா போனைக் காதில் வைத்துக்கொண்டாள், அவன் அந்தப் பக்கம் என்னென்னவோ சொல்கிறான், கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்து, “அவருதானுங்க” என்றாள், அப்போதுதான் அழுதாள். அறிவுச்செல்வி மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தாள், உங்கம்மா வந்து இனியாவுக்கு இட்லி கொடுத்துக் காரில் கொண்டுபோய் மேச்சேரியில் விட்டுவந்தாள். இனியா காரிலிருந்து இறங்கும்போது, “சேர்ந்ததுக்கு மெசேஜ் போதுமுங்க. நின்னுபோச்சுன்னா மொதலாளியவே போன்ல வாயால சொல்லிப்போடச் சொல்லுங்க” என்று உங்கம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாரியப்பன் ஊர் திரும்பிய பிறகுதான் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை, இருவரும் நலம்.

‘பத்திரம்’ என்ற வாசகத்துக்கும் அனுமதி கேட்டுப் போட்டோம். இது சேவையா விளம்பரமா, பெறுகிறவர்கள் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எழுதி அனுப்பினால் ஏதோ பிரிவு தவறு என்று திருப்பிவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பது எந்தப் பிரிவில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் அறிவுச்செல்விக்குச் சொல்.

சரி, அதுவரை இனியா சொன்னபடியே செய்வோம் என்று, போன வாரம் ஒரு வண்டி ஆக்ஸில் உடைந்து நின்றபோது டிரைவர் வீட்டுக்கு நானே போன் போட்டேன். எடுத்த அம்மா என் குரலைக் கேட்டதுமே, “ஏனுங்க, நீங்களே கூப்புடறீங்க, என்னாச்சுங்க?” என்று கத்திவிட்டார். சமாதானம் செய்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மெசேஜ் வராவிட்டாலும் பயம், முதலாளி கூப்பிட்டாலும் பயம் என்றால் நான் என்னதான் செய்ய? இரண்டு நாள் யோசித்தேன். இப்போது காலையில் டீ குடித்ததும் ஏதாவது சில வீடுகளுக்குச் சும்மா கூப்பிடுகிறேன், அங்கே மழையா, ஆடு குட்டி போட்டதா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். முதலில் எல்லாரும் எதற்கு என்று திகைத்தார்கள், சிலர் இன்னும் திகைக்கிறார்கள். நேற்று இனியா மட்டும் எடுத்ததும், “இன்னிக்கு ஒண்ணுமில்லீங்களா? சரி, சொல்லுங்க” என்று சிரித்தாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பனியில் கார் ஓட்டும்போது வேகம் வேண்டாம். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு.

உன் அப்பா,
வேலுமணி