உள்ளே போகிறவனுக்கு டோக்கன்

ஜீவனஹள்ளி, பெங்களூர்

அன்புள்ள ரோஸிக்கு,

பார்த்தாயா, முதியோர் பள்ளியில் கற்றது வீண்போகவில்லை. இது முழுக்க நானே எழுதியது!

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் மறதி பற்றிய ஆராய்ச்சி தொடங்குகிறதாம். நம் பையன் குணசேகர் என் பெயரைக் கொடுத்துவிட்டான். அடுப்பை அணைக்க மறப்பது யாருக்குத்தான் இல்லை? எல்லாம் இலவசம் என்கிறார்கள், அதுதான் சந்தேகம்.

குழாய் மாதிரி மெஷினுக்குள் படுக்கவைத்து மூளையைப் படம் எடுப்பார்களாம். "டோக்கன் இல்லாம எப்படிம்மா உள்ள போறது?" என்று நேற்று அங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். தங்கவயல் சுரங்கத்தில் டோக்கனை மேலே கொடுத்துவிட்டுத்தானே இறங்குவோம்? எவன் திரும்பவில்லை என்பது அதை வைத்துத்தானே தெரியும்?

டாக்டரம்மா சிரித்தார். "அதெல்லாம் வேணாம் தாத்தா. வெளிய உங்க ஆளு ஒருத்தர் நிக்கட்டும்."

குணசேகரை நான் நம்பவில்லை. மகள் வீட்டிலிருந்து நீ வா. நான் வெளியே வந்ததும், இத்தனை வருஷம் நீ சொல்லாத என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. நான் திரும்பிப் பார்க்கிறேனா என்று பார்.

உன் வீட்டுக்காரன்