துண்டுக்குள் விரல் கொடுத்த தம்பிக்கு

என் உயிரான தம்பி சுந்தரத்துக்கு,

க்ஷேமம் விசாரிக்க வழியில்லாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் போகவில்லை. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் உன் மதினி. செத்துவிட்டால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

மலையிலிருந்து தலைச்சுமையாக ஏலக்காய் இறக்கி ஆளானவன் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு என் படிப்பு முடிந்தது. உன்னை மதராஸ் காலேஜுக்கு அனுப்பியது வீட்டுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்றுதான். நீ பௌதிக சாஸ்திரம் எடுத்துக்கொண்டு வந்து நின்றாய்.

"அதப் படிச்சா என்ன உத்தியோகம்டா?"

"தெரியலண்ணே. சூடு, வெளிச்சம், சத்தம் இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு தெரியும்."

கடைவீதியில் ஒருவர் விடாமல் கேலி பேசினார்கள். "தம்பி சூட்டப் பத்திப் படிக்கிறாராமே, உங்க வீட்டு அடுப்புக்கு என்ன கேடு?" அதையும் விழுங்கிக்கொண்டேன்.

அந்த ஐப்பசி லீவுக்கு நீ மலைக்கு வந்தாய். நம் காய் உலர்த்தும் அறைக்குத் தீப் போடுகிறவர் மாடசாமி. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் விறகைத் தள்ளுவார். இருபது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு அவருக்கு மலைக்காய்ச்சல். கொதிக்கிற கைக்குச் சுவர் ஆறிப்போனதுபோல் இருந்திருக்கிறது. விறகை மேலும் மேலும் தள்ளிவிட்டார். கதவைத் திறந்தால் காயெல்லாம் வெடித்துக் கருகிக் கிடந்தது. நான் அவரை அடிக்காத குறை. நீ குறுக்கே வந்தாய்.

"அவர ஏண்ணே வையிறீக? கைக்குக் காய்ச்சல் வரும். பாதரசத்துக்கு வராது."

காலேஜிலிருந்து கொண்டுவந்திருந்த, சூட்டை அளக்கிற பாதரசக் குழாய் இரண்டில் ஒன்றை அறைக்குள் தொங்கவிட்டு, மற்றதை என் பெட்டியில் வைத்தாய். பத்து நாள் சோறு தண்ணி மறந்து அங்கேயே கிடந்தாய். பாதரசம் எந்தக் கோட்டில் நின்றால் காய் பச்சை மாறாமல் காயும் என்று கண்டுபிடித்து, அந்தக் கோட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாய். எண் படிக்கத் தெரியாத மாடசாமி நூலைப் பார்த்துத் தீப் போட்டார். காய் கிளிப்பச்சையாக வந்தது. பௌதிகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மூட்டையே பதில் சொல்லிற்று.

அன்றைக்குத்தான் தோள் துண்டை எடுத்து உன் கைமேல் போட்டேன். நம் வியாபாரத்தில் விலை பேசுவது அப்படித்தானே. துண்டுக்குள் விரலைப் பிடித்துவிட்டால் பிறகு பேச்சு மாறுவதில்லை. "இந்த நூல் விஷயம் நம்ம அறைய விட்டு வெளிய போகக்கூடாது" என்றேன். நீ சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தாய். விளையாட்டு என்று நினைத்தாயா?

அடுத்த வருஷம் பக்கத்து ஊரான சிலமலைக்காரர் ஒருவர் சந்தையில் மூட்டையை அவிழ்க்கிறார். அதே கிளிப்பச்சை. வாங்க வந்தவர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, உங்க காயி சிலமலைக்கு வாக்கப்பட்டுப் போயிருச்சா?" என்றார். கூட்டமே சிரித்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ மறைக்கக்கூட இல்லை.

"அவரு கேட்டாருண்ணே. சொன்னேன்."

"துண்டுக்குள்ள வெரல் குடுத்தியேடா."

"சூடு எல்லார் வீட்டுலயும் ஒரே மாதிரிதாண்ணே. அத எப்படி ஒளிச்சு வைக்கிறது?"

"அப்ப எல்லார் வீட்டுலயும் போயி இருந்துக்க. இங்க வராத."

நீ வரவில்லை. அதே காலேஜில் வாத்தியாராகி, அதே பௌதிகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாயாம். பிறகு நீ போய்விட்டாய் என்று தந்திதான் வந்தது. என்னிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி? கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் அந்தச் சிலமலைக்காரர் நம் கடைப்படி ஏறினார். அவருக்கு நீ வாங்கிக் கொடுத்த குழாய் உடைந்துபோயிற்றாம்.

"என்ன தைரியத்துல இங்க வந்தீக?" என்றேன்.

"தம்பிதான் அப்பவே சொல்லிட்டுப் போனாப்ல. 'ஒடைஞ்சா எங்க அண்ணங்கிட்டப் போங்க, இன்னொண்ணு வச்சிருக்காரு. கண்டபடி வைவாரு, வஞ்சு முடிச்சதும் குடுத்துருவாரு'ன்னு."

என்னைக் கேட்காமலே என் பேரில் வாக்குக் கொடுத்திருக்கிறாய். இது இரண்டாவது துரோகம். மூச்சு வாங்கும்வரை வைதேன். உன்னை, அவரை, அந்தக் காலேஜை. அவர் மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு நான் பெட்டியைத் திறந்து குழாயை எடுத்தேன். அவருக்குக் கண் மங்கல், கோடு தெரியவில்லை. நூலையும் நானே கட்டிக் கொடுத்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மனசு வரவில்லை. பொய் எழுத மாட்டேன். ஆனால் என் பேரில் நீ கொடுத்த வாக்கு என் வாக்குத்தான். தேவாரம் ஊரிலிருந்து வந்தாலும் சரி, மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரி, கேட்டு வருகிறவனை வைவேன். வைதுவிட்டு, எந்தக் கோடு என்று சொல்லிக் கொடுப்பேன்.

உன்னிடம் ஏமாந்துபோன,
உன் கூடப்பிறந்த அண்ணன்,
போடிநாயக்கனூர்.