புதுச்சத்திரத்துக் கொள்ளு

சேலம்,
12-2-1962

அன்புள்ள ஜெபமலருக்கு,

மாதாவின் தயவில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புதுச்சத்திரத்தில் என் கார் மரத்தில் மோதியது உனக்குத் தெரியும். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் பரப்பியிருந்த கொள்ளுச்செடியில்தான் சக்கரம் சறுக்கிவிட்டது. இன்சூரன்ஸ்காரர் நம்பவில்லை, வேகமாக ஓட்டினேன் என்றார். உன் அண்ணனும் அப்படித்தான் சொன்னார். அதை நான் மறக்கமாட்டேன்.

சென்ற வாரம் இன்சூரன்ஸ்காரரோடு அங்கே நின்றபோது அங்கம்மாள் என்ற பெண் ஓடிவந்தாள்.

"ஏனுங்க, மரத்துல மோதுனது நீங்கதானுங்களா? ரோட்டுல போட்ட எங் கொள்ளுச்செடியெல்லாம் செதறடிச்சுப் போட்டீங்களே, ஆருங்க பதில் சொல்றது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்சூரன்ஸ்காரர் அவள் சொன்னதை அப்படியே சாட்சியாக எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கினார். இன்று கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது!

ஈஸ்டருக்குத் தூத்துக்குடிக்குக் காரிலேயே வருவேன். உன் அண்ணனை வாசலில் நிற்கச் சொல்.

அங்கம்மாளுக்குப் புதுக்கொள்ளு வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு படியை எனக்கே அளந்துவிட்டாள். ஒரே ஆளுக்கு ரசம் வைக்க எவ்வளவு போடவேண்டும் என்று எழுது. தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உன்
ஞானதாஸ்